கடைக்குப் போகக் காரா, எலெக்ட்ரிக் சைக்கிளா?

காய்கறி, மருந்து, தபால் என்று அன்றாடம் அலைவது பலருக்கும் 5 கிலோமீட்டருக்குள்தான். அதற்குக் காரை எடுத்தால், ஓர் ஆளோடு ஆயிரம் கிலோவுக்கு மேல் இரும்பும் கூடவே நகர்கிறது. எலெக்ட்ரிக் சைக்கிளின் எடை சுமார் 25 கிலோ.

பெட்ரோல் காருக்குக் குறுகிய ஓட்டம் ஆகவே ஆகாது. எஞ்சின் சூடாகும் முன்பே கடை வந்துவிடும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி சில நூறு டிகிரி வெப்பத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் கிளம்பிய முதல் சில நிமிடங்களில்தான் நச்சுப்புகை அதிகம். சரி, மின்சாரக் கார்? 500 வாட்-மணி மின்சாரத்தில் அது சுமார் 3 கிலோமீட்டர் ஓடும். மிதித்துக்கொண்டே போனால் சைக்கிள் அதே மின்சாரத்தில் 50 கிலோமீட்டர் போகும். எனக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

சுமையா? பின்னால் இரண்டு பை தொங்கவிட்டால் சின்னக் குடும்பத்தின் ஒரு வாரக் காய்கறி அடங்கிவிடும்.

நடக்க முடியாத பெரியவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, கொட்டும் மழையில் குழந்தையோடு கிளம்ப, காருக்கு ஈடில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு வாடகைக் கார் போதும். சொந்தக் கார் சும்மா நின்றாலும் காப்பீடு, தேய்மானம், நிறுத்துமிடம் என்று செலவு வைக்கும்.

சைக்கிளில் பெரிய செலவு பேட்டரிதான். சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். அப்புறம் திருட்டு பயம். கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகக்கூடிய பேட்டரியும் உறுதியான பூட்டும் பார்த்து வாங்குங்கள்.