ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்: இங்கிலாந்து மருத்துவமனைகளில் இனப் பாகுபாட்டைச் சொல்ல ஓர் இடம்

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், பணியாளர்கள் தமக்கு நேர்ந்ததை மேலாளரிடம் போகாமலே சொல்வதற்கென்று ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்’ என்றொருவர் மருத்துவமனைகளை நடத்தும் அரசு அமைப்பான ஒவ்வொரு ட்ரஸ்டிலும் இருக்கிறார். மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததை விசாரித்த சர் ராபர்ட் ஃபிரான்சிஸ், 2015இல் அளித்த இன்னோர் அறிக்கையில் பரிந்துரைத்த ஏற்பாடு இது. வாய் திறப்பதால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் கறுப்பின, ஆசியப் பணியாளர்கள் என்பதையும் அவ்வறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது.

செவிலியராகப் பணிபுரியும் நான் இச்சேவையை நாடியதற்குக் காரணம், எங்கள் வார்டில் விடுமுறை நாள் இரவுப் பணிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்ததும், அதைக் கேட்டபோது எங்கள் ஆங்கில உச்சரிப்பு கேலிக்குள்ளானதும்தான். கார்டியன் வார்டுக்குத் தொலைவான ஓர் அறையில் சந்தித்தார். நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலொழிய என் பெயரை வெளியிட மாட்டேன் என்று முதலிலேயே தெளிவுபடுத்தினார். நான் சொன்னதை என் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, என்ன நடக்க வேண்டுமென்று விரும்புகிறேன் என்று கேட்டார். அடுத்தடுத்து எடுத்த ஒவ்வொரு நடவடிக்கைக்கும் என் சம்மதத்தைப் பெற்றார். கேட்கும் கலையில் இவர்களுக்குக் குறை சொல்ல முடியாது.

குறை அதற்கப்பால் தொடங்குகிறது. கார்டியன் விசாரணை அதிகாரி அல்லர். புகாரை உரியவரிடம் சேர்ப்பதோடும் பதில் வருகிறதா என்று பார்ப்பதோடும் அவருடைய அதிகாரம் முடிந்துவிடுகிறது. பணிப் பட்டியல் திருத்தப்பட்டது. கேலி செய்தவரிடம் யாராவது பேசினார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரிவிக்கப்படவில்லை. பெயரை மறைப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். ஒரு வார்டில் தமிழ்ச் செவிலியர் ஒருவரே இருந்தால், புகார் யாருடையது என்பதை ஊகிக்க எவருக்கும் வெகுநேரம் ஆகாது. இவையெல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது பதிவு முறை. நோயாளி பாதுகாப்பு, கொடுமைப்படுத்துதல், தகாத நடத்தை என்றெல்லாம் வகை பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். அந்த வகைகளில் இனப் பாகுபாடு தனியாக இல்லை. தனியாக எண்ணப்படாத ஒன்றைக் குறைக்கும்படி எந்த நிர்வாகத்தைக் கேட்க முடியும்?

புதிதாக வந்தவர்கள் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விசா, வேலை தரும் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வேறொன்றைத் தேடிக்கொள்ள வழக்கமாக 60 நாள்களே கிடைக்கும். மருத்துவர்களுக்கோ, தங்கள் மேல் பதில் புகார் போய்விடுமோ என்ற பயம். வெள்ளையரல்லாத மருத்துவர்களை வேலையளிப்போர், மருத்துவர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலிடம் புகாராக அனுப்பும் விகிதம், வெள்ளையர்களுக்கு உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்று அந்தக் கவுன்சிலுக்காக நடந்த ஆய்வே 2019இல் கண்டது. இந்த அச்சத்தை எந்த கார்டியனாலும் போக்கிவிட முடியாது. ஆகவே அவரிடம் போகுமுன் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். தேதி, நேரம், உடனிருந்தவர் ஆகியவற்றைக் குறித்து, மருத்துவமனைக் கணினியில் அல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மூன்றும் பொறுமையாகக் கேட்ட அந்த மனிதருக்கு. கார்டியன்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் அளித்துவந்த தேசிய அலுவலகத்தை மூடப்போவதாக 2025இல் அறிவிப்பு வந்துள்ள நிலையில், அப்பணி அந்தந்த மருத்துவமனை நிர்வாகத்தின் கைக்கே போய்விட்டால் இரண்டாகக் குறைப்பேன்.