விரால் குஞ்சா, இலை மீனா?

வேட்டை மீன் ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, அது பதுங்குவதையும் பாய்வதையும் பார்க்க விரும்பும் மதுரைக்காரர்கள் பலர், நம் கண்மாய் விராலுக்கும் அமேசான் இலை மீனுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

உருமறைப்பில் இலை மீனுக்கு நிகரில்லை. முகவாயில் இலைக்காம்பு போன்ற நீட்சியுடன், தலையைக் கீழே சாய்த்து, உதிர்ந்த பழுப்பு இலையாகவே அது மிதந்து வரும்; கண்ணாடி போன்ற துடுப்புகள் மட்டும் நம் கண்ணுக்கே தெரியாதபடி அதிர்ந்து, அதை இரையருகே நகர்த்தும். விரால் பாசிக்கடியில் அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

வேட்டை: இலை மீன் வாயைக் குழாய்போல் நீட்டிக் கப்பி என்ற சிறு மீனை உறிஞ்சிவிடும், கண் இமைத்தால் காட்சி போயிற்று. விரால் உடலை வளைத்துப் பாய்வது அறைக்கு வெளியிலும் கேட்கும்.

தண்ணீர்: இலை மீனுக்கு நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஆகாது, மென்னீர் வேண்டும். விரால் காற்றையே சுவாசிப்பதால் மின்வெட்டில் தொட்டியின் காற்றுப் பம்பு நின்றாலும் பிழைத்துக்கொள்ளும்.

உணவு: இலை மீனுக்குப் பெரும்பாலும் உயிருள்ள சிறுமீன்தான்; விராலுக்கு மண்புழுவும் போதும்.

இடம்: இலை மீன் சுமார் 8 சென்டிமீட்டர்தான். விராலோ ஓரடியைத் தாண்டி வளரும், குதிக்கவும் செய்யும். மூடிமேல் கல் வைக்க மறந்த ஓர் இரவுக்குப் பின், எங்கள் குஞ்சைக் கட்டிலுக்கடியில் கண்டெடுத்தேன்.

பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவர் இலை மீனை வாங்கலாம். முற்றத்தில் சிமென்ட் தொட்டி உள்ளவருக்கு விராலே ஏற்றது.