சொந்தப் பெயரில் டெண்டரா, பெரிய கம்பெனியின் நிழலா?

மாதம் பிறந்தால் மூன்றரை லட்சம் சம்பளம் கொடுக்க வேண்டும். எட்டுப் பேர், நில அளவைக்கு ஒரு டோட்டல் ஸ்டேஷன், நாலு கம்ப்யூட்டர், தேவைப்படும்போது வாடகைக்கு எடுக்கும் டி.ஜி.பி.எஸ். கருவி. நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்காக சர்வே எடுத்து டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) போட்டுக் கொடுக்கிறோம். இந்த அளவில் இருக்கும் ஒரு கன்சல்டன்சி அடுத்த படி ஏற நாலு வழி உண்டு. பெரிய கம்பெனிக்குக் கீழே சப்-கன்சல்டன்டாகப் போவது, உள்ளாட்சி டெண்டரில் நேரடியாக இறங்குவது, ஜெம் என்ற அரசு இணையக் கொள்முதல் தளத்தில் மத்திய அரசு நிறுவனங்களைப் பிடிப்பது, உலக வங்கி மாதிரியான நிதியில் நடக்கும் திட்டத்தில் கூட்டாளியாகச் சேர்வது. நாலிலும் கைவைத்துப் பார்த்தாயிற்று.

எதில் லாபம் அதிகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். வேலை முடிந்ததும் சான்றிதழ் யார் பெயரில் வரும்? பணம் கைக்கு வருவதற்குள் எத்தனை மாதச் சம்பளத்தை நாமே போட வேண்டும்?

சப்-கன்சல்டன்ட்

வேலை கிடைப்பது இதில்தான் சுலபம். வெளிமாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி இங்கே டெண்டர் எடுத்துவிடும். தெருத்தெருவாக லெவல் எடுக்க ஆள் இருக்காது. போன் வரும். இ.எம்.டி. என்ற டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், பேங்க் கேரண்டி வேண்டாம், பிரீ-பிட் மீட்டிங்குக்குச் சென்னை ஓட வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் தரமாட்டார்கள். எங்கள் முதல் பாதாளச் சாக்கடை வேலையில் ஒவ்வொரு மேன்ஹோலின் லெவலும் எங்கள் பையன்கள் வெயிலில் நின்று எடுத்தது. அறிக்கையின் அட்டையில் கம்பெனியின் லோகோ. நகராட்சி கொடுத்த கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டில் எங்கள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. கம்பெனி தன் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்தது. அதை அடுத்த டெண்டரில் வைத்தோம். ‘பணி வழங்கிய துறையின் சான்று இணைக்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு வரியோடு போயிற்று.

பணம் எப்படி வரும்? ‘எங்களுக்கு வந்ததும் உங்களுக்கு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு என்னதான் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் 45 நாளைத் தாண்டித் தவணை வைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த வட்டியை வாங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது என்பது வேறு கதை. ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் ஒரு பிடி வந்தது. கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதிலிருந்து மார்ச் மூன்றாம் வாரத்தில் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவே கூப்பிட்டு ‘உங்க உத்யம் நம்பர் கொஞ்சம் அனுப்புங்க சார்’ என்கிறது. நாலு வழியிலும் சொன்ன தேதிக்கு ஓரளவாவது பணம் வருவது இதில்தான்.

ஒரு ஜி.எஸ்.டி. சிக்கலும் உண்டு, பலர் விலை போடும்போது கவனிப்பதில்லை. நகராட்சியின் பணியான குடிநீர், சுகாதாரம் போன்றவற்றுக்காக, பொருள் எதுவும் சேராமல் சேவை மட்டும் நகராட்சிக்கு நேரடியாகச் செய்தால் வரி விலக்கு. ஆனால் நாம் கம்பெனிக்குப் போடும் பில்லுக்கு 18 சதவீதம் வரி. கம்பெனிக்கோ நகராட்சியிடம் வசூலிக்க வரியே இல்லை. ஆகவே நாம் போட்ட வரியை அவர்கள் தாங்கள் கட்டும் வரியில் கழித்து கிரெடிட் எடுக்க முடியாது, அது அவர்களுக்குச் செலவு. அதனால்தான் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று பேசுகிறார்கள். பத்து லட்சம் என்று கைகுலுக்கினால் நமக்கு நிற்பது சுமார் எட்டு லட்சத்து 47 ஆயிரம். வாரியங்கள், அரசு கம்பெனிகள் வேலை கொடுத்தால் கணக்கு வேறு. 2022 ஜனவரி முதல் அவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது.

நேரடி டெண்டர்

தமிழ்நாட்டில் மாநில அரசுத் துறையோ நகராட்சியோ, வேலை கொடுத்தால் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படிதான். இரண்டு கோடிக்குள் என்றால் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சமே பெரும்பாலும் அதிகபட்சமும் ஆகிவிடும். சி.ஏ. கையெழுத்திட்ட டர்ன்ஓவர் சான்று, ஒவ்வொரு நிபுணரும் கையெழுத்திட்ட பயோடேட்டா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் டோக்கன் காலாவதி என்று திரையில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்ததும் நடந்திருக்கிறது.

சின்ன வேலைகள் முழுக்க எல்1. யார் குறைச்சலோ அவருக்கு. அங்கே போட்டியே வேறு மாதிரி: பழைய டி.பி.ஆரின் ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுக்கத் துணிந்தவர் எந்த விலைக்கும் வருவார். ஆறு லட்சத்துக்குக் குறையாமல் செலவாகும் சர்வேக்கு நாலரை லட்சம் போட்டவரை எதிர்த்து என்ன செய்ய?

தரத்துக்கும் மார்க் போடும் டெண்டர்களில் நமக்குக் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் விகிதத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பெரிய கம்பெனிக்கு டெக்னிக்கல் மார்க் 90, விலை 60 லட்சம். நமக்கு 78, விலை 40 லட்சம். குறைந்த விலைக்கு 100 மார்க், மற்றவருக்கு அந்த விகிதத்தில் குறையும்: நமக்கு 100, அவர்களுக்கு 66.7. விகிதம் 80:20 (தரத்துக்கு 80, விலைக்கு 20) என்றால் அவர்கள் 85.3, நாம் 82.4. இருபது லட்சம் குறைத்தும் தோற்றோம். அதே மார்க், அதே விலை, விகிதம் மட்டும் 70:30 என்றால் நாம் 84.6, அவர்கள் 83. வென்றோம். நாங்கள் இப்போது டெண்டர் ஆவணத்தில் முதலில் தேடுவது இந்த விகிதத்தைத்தான். 80:20 என்றிருந்தால் படிப்பதைக்கூட நிறுத்திவிடுகிறோம்.

சான்றிதழ் நம் பெயரில் வரும், அதில் சந்தேகமில்லை. நகராட்சி கமிஷனர் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்கம் அடுத்த ஏழு வருடத்துக்குச் சோறு போடும். இடிப்பது பணம் வரும் வேகம்தான். தவணைகளைப் பாருங்கள்: தொடக்க அறிக்கைக்குக் கொஞ்சம், சர்வே முடிந்ததும் கொஞ்சம், வரைவு டி.பி.ஆருக்குக் கொஞ்சம், மிச்சம் டெக்னிக்கல் சாங்ஷன் (தொழில்நுட்ப ஒப்புதல்) வந்த பிறகு. அந்தச் சாங்ஷன் நம் கையில் இல்லை. நிதி ஒதுக்கீடு தள்ளிப்போகும், இன்ஜினியர் மாறுவார், புதிதாக வந்தவர் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து முப்பது வருடத் தேவையைத் திரும்பப் போடச் சொல்வார். ஒரு நகராட்சியில் கடைசி 20 சதவீதத்துக்குப் பதினாலு மாதம் நடந்தேன். ‘ஃபைல் மேல போயிருக்கு சார்’ என்பார் கிளார்க். மேலே என்றால் மாடிப்படியில் ஏறி இடது பக்கம் இருக்கும் அறைதான்.

45 நாள் சட்டம் இங்கேயும் பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் கவுன்சில் இருக்கிறது, ஆன்லைனில் மனுப் போடலாம். ஆனால் அடுத்த டெண்டரும் அதே இன்ஜினியர் மேஜைக்குத்தான் போகும். மனுப் போடுவதென்றால் அந்த ஊரை விட்டுவிடத் தயாராக இருக்க வேண்டும்.

ஜெம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2016-இல் வந்த இந்தத் தளத்தில் வாங்குவது மத்திய அரசுத் துறைகளுக்குக் கட்டாயம். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து (எம்.எஸ்.இ.) 25 சதவீதம் வாங்க வேண்டும் என்ற 2012 ஆணை மத்திய அரசுத் துறைகளையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்தும். நகராட்சியில் அதை நீட்டிப் பயனில்லை. ஏல ஆவணத்தில் ‘எம்.எஸ்.இ.க்கு அனுபவம், டர்ன்ஓவர் விலக்கு’ என்ற வரிக்கு எதிரே ஆம் என்றிருந்தால் மேலே படியுங்கள், இல்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள். பணம் நகராட்சியைவிட வேகமாக வருகிறது. ஆனால் எங்கள் துறைக்கு ஏற்ற வேலை அங்கே குறைவு: டவுன்ஷிப்புக்குள் ஒரு சர்வே, ஒரு மழைநீர் வடிகால் ஆய்வு, அவ்வளவுதான். கணினி, தணிக்கை, பயிற்சி செய்யும் கன்சல்டன்சி என்றால் இதே தளத்தை நான் முதலிடத்தில் வைத்திருப்பேன்.

கூட்டாளி

உலக வங்கித் திட்டம் என்றாலே அது நமக்கில்லை என்று நாங்களும் பல வருடம் ஒதுங்கியிருந்தோம். அவர்களுடைய மாதிரி ஆவணத்தைப் படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. முழு டெக்னிக்கல் புரபோசலுக்குப் போடும் 100 மார்க்கில் நிறுவனத்தின் அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. முக்கிய நிபுணர்களுக்கு 30 முதல் 60 வரை. அதாவது உள்ளே போய்விட்டால் நம் ஆட்கள்தான் நம் பலம். முனிசிபாலிட்டியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் சின்ன அலுவலகம் அங்கே சின்னது இல்லை.

கதவுதான் பிரச்சினை. முதல் கட்டத்தில் விருப்பம் தெரிவித்தவர்களில் ஐந்து முதல் எட்டு நிறுவனங்களைத்தான் பட்டியலில் எடுப்பார்கள், அங்கே பார்ப்பது அனுபவம். சப்-கன்சல்டன்டின் அனுபவம் அங்கே எடுபடாது, ஜே.வி. (கூட்டு ஒப்பந்தம்) கூட்டாளியுடையது கணக்கில் வரும். ஆகவே பெரிய கம்பெனிக்கும் நாம் வெறும் கூலி ஆள் இல்லை. உள்ளூர் அனுபவம் காட்ட நாம் வேண்டும். ஒப்பந்தத்தில் நம் பெயர் இருக்கும், சான்றிதழில் நம் பங்கு எத்தனை சதவீதம் என்று வரும்.

பயமுறுத்துவது ஒன்றுதான்: ஜே.வி. என்றால் ஒவ்வொருவரும் மொத்த வேலைக்கும் பொறுப்பு. கூட்டாளி பாதியில் கைவிட்டால் நம் தலையில் விழும். இன்னொன்று, அறிவிப்பிலிருந்து ஒப்பந்தம் வரை ஒரு வருடம் தாராளமாக ஆகும். அதுவரை மூன்றரை லட்சத்தை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் சப்-கன்சல்டன்ட், அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். அதுவும் ஒர்க் ஆர்டரிலேயே ‘கிளையன்டுக்குச் சமர்ப்பிக்கும் குழுப் பட்டியலில் பெயர் இடம்பெறும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு. அப்புறம் வருடத்துக்கு இரண்டு, மூன்று நேரடி டெண்டர், எல்1 அல்லாதது மட்டும். அதில் வரும் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ஜே.வி. பேசலாம். நேரடி டெண்டர் மட்டுமே எடுத்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பலருக்கு வேறு சொத்திலிருந்து வாடகை வருகிறது.

நாங்கள் இப்போது ஒரு விருப்பக் கடிதத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களை முன்பு சப்-கன்சல்டன்டாக வைத்திருந்த அதே கம்பெனிதான். அவர்கள் பத்து சதவீதம் என்கிறார்கள், நாங்கள் 26 கேட்கிறோம். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் ஆள் கூப்பிட்டு, ‘சார், அந்தக் கமிஷனர் சர்டிபிகேட்டோட ஸ்கேன் காப்பி கொஞ்சம் அனுப்ப முடியுமா?’ என்றார். சதவீதம் முடிவாகட்டும், அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன்.