கடைசி ரூமுக்கு நெட்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

மூன்று பெட்ரூம் வாடகை ஃபிளாட், நான்கு பேர், ஒரே ஃபைபர் கனெக்‌ஷன். ரூட்டர் வாசல் பக்க ஹாலில் இருக்கிறது; கடைசி ரூமில் சிக்னல் ஒரு கோடு. நாங்கள் கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டரை மாட்டினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ரிப்பீட்டர் என்பது ரூட்டரின் வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விலை குறைவு, பிளக்கில் சொருகினால் போதும். ஆனால் வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போனில் சிக்னல் முழுதாகக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மெஷ், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல யூனிட்டுகள், அதைவிடப் பல மடங்கு மேல். வீடு முழுக்க ஒரே பெயர், ரூம் விட்டு ரூம் போனாலும் பெரும்பாலும் பேச்சு அறுபடாது. நண்பர் வீட்டில் நன்றாகத்தான் ஓடுகிறது. வருடக்கணக்கில் எப்படி என்று நான் பார்த்ததில்லை. கேபிள் இல்லாமல் வைத்தால் அதன் யூனிட்டுகளும் காற்றில்தான் பேசிக்கொள்ளும், நடுவில் கான்கிரீட் சுவர் வந்தால் அங்கேயும் வேகம் அடிபடும். பணம் போட்டுக் கூட்டாக வாங்கினால், ஒருவர் காலி செய்யும்போது எந்த யூனிட் யாருக்கு என்ற பஞ்சாயத்து வேறு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமோ விலையோ இல்லை. நெட் நின்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான். நான்கு பேர் உள்ள வீட்டில் முதலில் நடப்பது ஆளாளுக்கு ரூட்டரை அணைத்துப் போடுவது. ஒருவர் போட்டு அது எழுந்து உட்காருவதற்குள் அடுத்தவர் அணைப்பார்.

கேபிள் இருந்தால் வரிசையாகப் பார்க்கலாம். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. வீட்டுக்குள் எதைத் தொட்டும் பயனில்லை, புகார் கொடுக்க வேண்டியதுதான். அது அணைந்து, லைன் கிடைத்துவிட்டதைக் காட்டும் பான் விளக்கு நிலையாகப் பச்சை காட்டினால், ஹால் ரூட்டரில் லேப்டாப்பை கேபிளில் சொருகிப் பாருங்கள். அங்கே வந்தால் லைன் சரி. அப்புறம் கடைசி ரூம் ரூட்டரின் போர்ட் விளக்கு. எரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான். எரிந்து, அங்கே கேபிளில் நெட் வந்து, போனில் மட்டும் வரவில்லை என்றால் குற்றவாளி வைஃபை.

இன்னொரு துப்பும் கிடைக்கும். 200 எம்பிபிஎஸ் பிளானில் கடைசி ரூமில் மட்டும் வேகம் 95 பக்கத்திலேயே நின்றால், கேபிளுக்குள் ஏதோ ஒரு கம்பி போயிருக்கலாம். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டு கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கு போதும், அதனால் இணைப்பு தானாக அங்கே இறங்கிவிடும். கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தால் (கருவியால் அழுத்திப் பொருத்தினால்) பல நேரம் சரியாகிவிடும். ரிப்பீட்டரில் வேகம் குறைந்தால் பக்கத்து வீட்டு ரூட்டர், மைக்ரோவேவ், மூடிய கதவு எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும்.

இரண்டாவதாகப் பழைய ரூட்டரே போதும். முதலாவதன் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் (WAN) என்ற இன்டர்நெட் போர்ட்டில் இல்லாமல், கம்ப்யூட்டர் மாட்டும் லேன் (LAN) போர்ட்டில் சொருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்காவிட்டால் சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது. அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஒருவர் போன் போட்டோக்களையெல்லாம் மேலே ஏற்றும்போது மற்றவர்களின் வீடியோ கால் திக்குவதை இந்த மூன்றுமே தீர்க்காது. அதற்கு ரூட்டரில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆணி அடிக்க ஓனர் சம்மதிக்கவே மாட்டார் என்றால் மெஷ் வாங்கலாம். கேபிள்தான் என்றால் கேட்-6 (Cat-6) ரகம் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். செம்பு பூசிய அலுமினியமா, முழுச் செம்பா என்று மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள். அலுமினியம் மலிவு, ஆனால் கதவிடுக்கில் நாலு முறை மடங்கினால் முறிந்துவிடும்.