கற்பனைப் பந்தா, பந்தின் விளிம்பா? பூல் ஆட்டத்தில் குறிபார்க்கும் இரு வழிகள்

பூல் என்பது மேசையின் மேல் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் வண்ணப் பந்தைக் குழியில் விழச் செய்யும் ஆட்டம். கற்பனைப் பந்து முறையில், மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஒரு பந்து இருப்பதாக மனத்தில் வரைந்துகொண்டு, அதன் மையத்தை நோக்கி அடிக்கிறோம். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர் என்பதால், அந்த மையம் வண்ணப் பந்தின் மையத்திலிருந்து, குழிக்கு நேர் எதிர்த்திசையில், அதே அளவு தள்ளி அமையும். எந்தக் கோணத்துக்கும் இது பொருந்தும்; ஆனால் மேசையின் வெறும் துணி மீது இல்லாத ஒன்றைக் கண் பற்றிக்கொண்டிருக்க வேண்டும், மனம் சற்று அலைந்தாலும் குனியும்போதே அந்த உருவம் கலைந்துவிடுகிறது.

பின்ன முறையில், வண்ணப் பந்தின் காலா, அரையா, முக்காலா, எவ்வளவு பகுதியை வெள்ளைப் பந்து மறைக்க வேண்டும் என்று பார்க்கிறோம். வெள்ளைப் பந்தின் மையத்தை வண்ணப் பந்தின் விளிம்புக்கு நேராகச் செலுத்தினால் அது அரைப்பந்து மோதல். வண்ணப் பந்து, வெள்ளைப் பந்து வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகிச் செல்லும். கண்ணுக்கு உண்மையான விளிம்பு ஒன்று கிடைப்பதால், பதற்றமான நேரங்களில் எனக்குக் கவனம் சிதறாமல் காத்தது இம்முறைதான். இடைப்பட்ட கோணங்களுக்குப் பழக்கமே துணை.

ஆயினும் தொடங்குவோருக்குக் கற்பனைப் பந்தையே பரிந்துரைப்பேன்: உண்மையான பந்து ஒன்றை அவ்விடத்தில் வண்ணப் பந்தைத் தொட்டபடி வைத்து, அதன் மையத்துக்கு நேர் கீழே துணியில் உள்ள புள்ளியை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு அதை எடுத்துவிட்டு அடித்துப் பழகலாம்.