ஒரே ஓப்பன்ஹைமர், நாலு வடிவம்: எதை வாங்குவது?

நம்மூரில் புதுப்படத்துக்கு வெள்ளிக்கிழமை போல, அமெரிக்காவில் டிஸ்க்குக்குச் செவ்வாய்க்கிழமை. 2023 நவம்பர் 21, செவ்வாயன்று கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘ஓப்பன்ஹைமர்’ படம் கடைக்கு வந்தது. 4கே டிஸ்க், ப்ளூரே, டிவிடி, இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் டிஜிட்டல் பிரதி, நாலும் ஒரே நாளில். ஒரு வாரத்துக்குள் பெரிய கடைகளில் 4கே டிஸ்க் காலி. மறுபடி சரக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்று யுனிவர்சல் நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் டிஸ்க் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. தபாலில் டிவிடி அனுப்பும் வேலையை நெட்ஃபிளிக்ஸ் அந்தச் செப்டம்பர் கடைசியில்தான் மூடியிருந்தது.

நியூஜெர்சியில் இருக்கும் மச்சானிடம் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். கடையில் நின்றபடியே போன் செய்தார். “4கே இல்ல மாப்ள. ப்ளூரே இருக்கு, டிவிடி இருக்கு. எதை எடுக்க?”

ப்ளூரே என்றேன், அவசரத்தில். சில மாதம் கழித்து 4கே பெட்டியும் கைக்கு வந்தது. இரண்டையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

டிவிடியை முதலிலேயே கழித்துவிடலாம். இரண்டு அடுக்கு டிவிடியில் கொள்ளுவது 8.5 ஜிபி. படமோ மூன்று மணி நேரம். அமெரிக்க டிவிடியில் படத்தின் உயரம் 480 வரி. இன்றைய 4கே டிவியில் 2160 வரி. ஒரு வரியை நாலரையாக இழுத்துக் காட்டினால் நாயகன் கிலியன் மர்ஃபியின் கன்னம் ஈரத் துணியால் துடைத்த மாதிரிதான் இருக்கும். போதாததற்கு, எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கைப் பூட்டும் மண்டல எண் வேறு: அமெரிக்க டிவிடிக்கு 1, இந்தியாவுக்கு 5. வீட்டில் பழைய டிவிடி பிளேயர் மட்டும்தான் இருக்கிறது என்றாலும், அமெரிக்காவிலிருந்து வரும் டிவிடி அதில் ஓடும் என்று நம்ப முடியாது.

உண்மையான போட்டி ப்ளூரேக்கும் 4கேக்கும்தான். முதலில் ஒலி. இதில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற ஒலி வடிவம், 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் அதிர்வுக்கு ஒன்றும்). தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் பக்கம் நோலனுக்கு நாட்டம் கிடையாது. ‘ஓப்பன்ஹைமரு’க்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 17 அன்று வந்த ‘பார்பி’ 4கே டிஸ்க்கில் டால்பி விஷன், டால்பி அட்மாஸ் இரண்டும் உண்டு. ‘ஓப்பன்ஹைமரி’ல் இரண்டும் இல்லை. வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் எச்டிஆர் முறையில் டால்பி விஷன் மேல்படி, இதில் இருப்பது அடிப்படையான எச்டிஆர்10. அட்டையில் இருக்கும் முத்திரைகளை எண்ணி வாங்குகிறவர் என்றால் பார்பிதான் ஜெயிக்கும். ஆனால் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்க்கும் டிரினிட்டி சோதனைக் காட்சியில் நெருப்பு எழும்பியதும் சத்தமே இல்லாமல் மூச்சு மட்டும் கேட்டு, பிறகு தாமதமாக வந்து இடிக்கிறதே அந்த அதிர்வு, அதற்கு 5.1 தாராளம். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

படம் என்று வந்தால் கதை வேறு. இது 65 மிமீ பிலிமிலும் ஐமேக்ஸ் பிலிமிலும் எடுத்த படம். ஸ்ட்ராஸாக ராபர்ட் டவுனி ஜூனியர் வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்காகவே கோடாக் நிறுவனம் 65 மிமீ கறுப்பு வெள்ளை பிலிமைப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தது. அந்தக் காட்சிகளில் ராபர்ட் டவுனி ஜூனியரின் கோட்டைப் பாருங்கள். ப்ளூரேயில் அது சாம்பல் நிறக் கோட்டு. 4கேயில் நெசவு தெரிகிறது, கழுத்துப்பட்டையின் நிழலுக்குள் இன்னொரு நிழல் தெரிகிறது. டிரினிட்டி நெருப்பிலும் அப்படித்தான். ப்ளூரேயில் நடுப்பகுதி வெள்ளையாக வெந்துபோய்விட, 4கேயில் மஞ்சளுக்குள் ஆரஞ்சு, ஆரஞ்சுக்குள் கருஞ்சிவப்பு என்று சுருள்கிறது. நெருப்பில் தெரியும் இந்த வித்தியாசம் வரிகள் கூடியதால் வந்ததல்ல, எச்டிஆர் செய்கிற வேலை.

வரிகளின் எண்ணிக்கையை நம் கண் பிடிப்பதோ தூரத்தைப் பொறுத்தது. 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு ப்ளூரேயின் 1080 வரியும் 4கேயின் 2160 வரியும் ஒன்றுதான். என் டிவி 55 அங்குலம். ஏழு அடிக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் அந்த நெசவு கண்ணில் பட்டது. வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

4கேக்கு இன்னொரு சாதகம், மண்டலப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கேயும் ஓடும். ப்ளூரேக்கு உண்டு: அமெரிக்கா ஏ, இந்தியா சி. எல்லா ப்ளூரேயும் பூட்டி வருவதில்லை என்றாலும், முன்பு ஒருமுறை ஆசை ஆசையாய் வரவழைத்த ஒரு பழைய படத்தின் டிஸ்க், பிளேயரில் போட்டதும் மண்டலம் தவறு என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. அது இன்னும் அலமாரியில் அழகுக்கு இருக்கிறது.

அப்புறம் ஓடிடியும் டிஜிட்டல் பிரதியும். 4கே என்று போட்டிருந்தாலும் இணைய வழியில் வருவது பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட். மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 20 முதல் 34 ஜிபி. இரண்டு அடுக்கு ப்ளூரே 50 ஜிபி, 4கே டிஸ்க் 100 ஜிபி வரை கொள்ளும். அந்த டிஸ்க்கிலும் படம் மட்டும்தான், மேக்கிங் சமாச்சாரமெல்லாம் தனி டிஸ்க்கில். ஓடிடியின் சுருக்குமுறை ப்ளூரேயில் இருப்பதைவிடப் புதியது என்பதால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பகல் காட்சிகளில் ஓடிடியின் 4கே, சாதாரண ப்ளூரேயை முந்தவும் செய்யும். இருட்டிலும், பிலிமில் எடுத்த படத்தில் தெரியும் பொடித் துகள்களிலும்தான் அது சறுக்கும். இந்தப் படத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

டிஜிட்டலில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அமுக்கினாலும் கையில் வருவது பார்க்கும் உரிமம்தான். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன், டிஸ்கவரி நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம் ஆண்டுக் கடைசியோடு அவை போய்விடும் என்று அறிவித்தது. கூச்சல் கிளம்பிய பிறகு புது ஒப்பந்தம் போட்டு அந்த முடிவைத் தள்ளிவைத்தார்கள். இப்படி விற்கும்போது அது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என கலிஃபோர்னியா 2024-இல் சட்டமே போட்டது. இந்தியாவில் ‘ஓப்பன்ஹைமர்’ 2024 மார்ச்சில் ஜியோசினிமாவுக்கு வந்தது. அந்த ஜியோசினிமாவே இன்று அந்தப் பெயரில் இல்லை, ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது.

டிவி தொடர்களில் இந்தக் கவலை இன்னும் அதிகம். படமாவது நாலு வடிவத்தில் வருகிறது. ஓடிடிக்கென்றே எடுத்த தொடர்கள் பலவற்றுக்கு டிஸ்க்கே கிடையாது. டிஸ்னி பிளஸ்ஸின் ‘வில்லோ’ தொடர் 2023 ஜனவரியில் முடிந்தது, மே மாதம் தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். அதே டிஸ்னி ‘ஓப்பன்ஹைமர்’ வந்த அடுத்த செவ்வாய், நவம்பர் 28 அன்று, தன் ‘வாண்டாவிஷன்’ தொடரை 4கே டிஸ்க்காக வெளியிட்டது. எது தங்கும், எது போகும் என்பது அவர்கள் கையில். பிடித்த தொடர் டிஸ்க்காக வந்தால் 4கேயா ப்ளூரேயா என்று நான் யோசிப்பதில்லை, கிடைத்ததை வாங்கிவிடுகிறேன்.

சரி, ‘ஓப்பன்ஹைமர்’? 50 அங்குலத்துக்குக் குறைந்த டிவி, தள்ளிப் போட்ட சோபா என்றால் ப்ளூரே போதும். விலை மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைவாக இருந்தால்கூட நான் அதைத்தான் எடுப்பேன். பெரிய டிவியும் நல்ல எச்டிஆரும் இருந்தால் 4கே. 4கே பிளேயர் இல்லையே என்றாலும் 4கே பெட்டியை வாங்கலாம், அதற்குள் ப்ளூரேயும் சேர்ந்தே வருகிறது. இது எனக்கே தெரியாமல்தான் இருந்தது. அக்கா மகன் தன் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கருவியில் 4கே டிஸ்க்கைத் தள்ளிவிட்டு, “மாமா, ஓட மாட்டேங்குது” என்று நின்றான். பிஎஸ்4 ப்ளூரேயோடு சரி, 4கே டிஸ்க் வேண்டுமென்றால் டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 வேண்டும். பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க்கைக் கொடுத்தேன். ஆக, நியூஜெர்சியிலிருந்து வந்த அதே ப்ளூரே வீட்டில் இப்போது இரண்டு இருக்கிறது.