பழைய குண்டு மைதானம்: தோண்டணுமா, வேலி போட்டா போதுமா?

ராணுவம் விட்டுட்டுப் போன இடத்துல வெடிக்காத குண்டு கிடந்தா அமெரிக்காவுல பெரும்பாலும் ரெண்டு வழி பேசுவாங்க, ஒண்ணு தோண்டி எடுக்குறது, இன்னொண்ணு வேலி போட்டு போர்டு வச்சு ஆளை விடாம பாத்துக்குறது.

தோண்டுறதுக்கு, கடற்படை குண்டு போட்டுப் பழகுன ஹவாயோட கஹோஒலாவே தீவைப் பாருங்க. 1993-ல சுத்தம் பண்ண 40 கோடி டாலர்னு முடிவு பண்ணி, பத்து வருஷம் ஓடியும் மேற்பரப்புல சுமார் 75 சதவீதம்தான் முடிஞ்சுது, 4 அடி ஆழம் வரைக்கும்னா சுமார் 10 சதவீதம்தான். ஏன் இவ்ளோ இழுக்குதுன்னா சாதாரண மெட்டல் டிடெக்டருக்கு குண்டும் துருப்பிடிச்ச இரும்புத் துண்டும் ஒண்ணுதான், பீப் அடிச்ச ஒவ்வொரு இடத்தையும் நிதானமா தோண்டிப் பாக்கணும், அதுக்கு முன்னாடி செடியை வெட்டணும், வெட்டினா மண்ணு அரிச்சுட்டு கடலுக்குப் போகும்.

வேலி சீப். போர்ட்டோ ரிக்கோ பக்கம் வியேகெஸ் தீவுல குண்டுப் பயிற்சி நடத்திட்டிருந்த அமெரிக்கக் கடற்படை 2003-ல கிளம்பினதும் கிழக்குப் பக்கத்தை வனவிலங்கு சரணாலயத்துக்குக் கொடுத்துட்டாங்க (குண்டு எடுக்குற வேலையும் நடக்குது, 2005-லயே சூப்பர்ஃபண்ட்ங்கிற, நச்சு மாசுள்ள இடங்களைச் சுத்தம் பண்ண அமெரிக்க அரசு வச்சிருக்குற பட்டியல்ல வந்துடுச்சு). சரணாலயம்னா ஆள் கம்மி, அப்ப சுத்தமும் கம்மியா போதும்ங்கிறது ரொம்ப வசதியான கணக்கு. மண்ணுல இறங்குற ஆர்டிஎக்ஸ், பெர்குளோரேட் மாதிரி வெடிமருந்து ரசாயனம் எல்லாம் போர்டைப் படிச்சுட்டு நிக்காது, நேரா நிலத்தடி தண்ணிக்குப் போயிடும்.

என்னைக் கேட்டா ஜனங்க நடமாடுற இடத்தையும் தண்ணி எடுக்குற இடத்தையும் தோண்டியே ஆகணும், மிச்சத்துக்கு வேலி ஓகே, ஆனா பராமரிப்புக் காசை முதல்லயே தனியா ஒதுக்கி வைக்கச் சொல்லணும்.